ஐந்தாம் கைநிலை

பிற்பகல் நான்கு மணிக்குக் கடற்சுவர்க் குடியிருப்பின் மூன்றாம் அடுக்கில் பதினோரு கிட்டார்கள் ஒன்றாகத் தொடங்கும். வெயிலடைப்பு முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும். வெளியே கால் வைத்தால் செருப்பு உருகிவிடும் என்று பிள்ளைகளை மிரட்டுவார்கள். அதில் பாதி உண்மை. எனவே கைக்குழந்தை உள்ள வீடுகளில் பெற்றவர்கள் சுவர்த்திரைக்கு முன்னால் பாயை விரித்து, வாரியம் கொடுத்த கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, முதல் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்துவிடுவார்கள். பிரிசில்லாவின் எதிர்வீட்டு அருமைநாயகம் வாட்டசாட்டமான ஆள். அவர் மடியில் அது விளையாட்டுச் சாமான் போலத் தெரியும்.

பதினோரு பேரும் தப்பும் தவறுமாக வாசித்தாலும் யாருக்கும் தலைவலி வராது. எல்லாரிடமும் இருப்பது அதே ஐந்து சுரங்கள். எது எதோடு மோதினாலும் இனிமையாகவே இருக்கும். தூத்துக்குடியில் இப்போது எல்லாமே அந்த ஐந்தில்தான். லிஃப்டின் மணி, தண்ணீர் லாரியின் ஹார்ன், கோயில் மணி, கடற்சுவரின் எச்சரிக்கைச் சங்கு எல்லாம் அப்படித்தான். புயல் வருகிறது என்பதைக்கூட அந்தச் சங்கு தாலாட்டுகிற குரலில்தான் சொல்லும்.

பிரிசில்லாவின் திரையில் பாடம் நடத்தும் நவில் வந்தான். முப்பது வயது மதிக்கத்தக்க முகம், சிரித்த கண்கள், நகம் வெட்டிய சுத்தமான விரல்கள். அப்படி ஓர் ஆள் உண்மையில் கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அவன் வணக்கம் சொன்னால் திருப்பி வணக்கம் சொல்லாமல் யாராலும் இருக்க முடிந்ததில்லை.

"வணக்கம் பிரிசில்லா. நேற்று நான்காம் கைநிலையை முழுமையாக முடித்துவிட்டீர்கள். இன்று ஐந்தாவது. இதுதான் கடைசி. ஆள்காட்டி விரல் பதினான்காம் ஃப்ரெட்டில், சுண்டுவிரல் பதினேழில். அவசரம் வேண்டாம். ஐஞ்சுரத்தில் தவறான சுரம் என்று எதுவும் இல்லை."

ஐஞ்சுரம், கைநிலை என்பதெல்லாம் பாடத்தின் தமிழ். சனங்களின் வாயில் அது பென்டடானிக், பொசிஷன். கிட்டாரின் கழுத்தை ஐந்து பகுதியாகப் பிரித்து, அதே ஐந்து சுரங்கள் ஒவ்வொரு பகுதியிலும் எந்தக் கம்பியில் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று விரலுக்குக் காட்டிக்கொடுப்பது. முதல் நிலை ஐந்தாம் ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த ஐந்தாவது உலோகப் பட்டியில், தொடங்கும். இரண்டாவது அதன் தோளில் ஏறும். இப்படி ஏறிக்கொண்டே போய் ஐந்தாவதையும் பழகிவிட்டால் கழுத்து முழுக்கக் கைக்குள் வந்துவிடும். மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டை விரல் நரம்புகளைப் படித்து, இன்றைக்கு இத்தனை விழுக்காடு என்று திரையில் போடும்.

பிரிசில்லா விரலை வைக்கவில்லை. கிட்டாரைப் பாயில் சாய்த்துவிட்டுத் தொட்டிலைப் பார்த்தாள். இவாஞ்சலின் கால் கட்டைவிரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு கிடந்தாள். அவளுக்கு ஒரு வயது ஆக இன்னும் இருபத்துமூன்று நாள்.

அந்த இருபத்துமூன்று நாளுக்குள் ஐந்தாவதை முடிக்காவிட்டால் பிள்ளையை வளர்ப்பகத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூன்று வயது வரை அங்கே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொள்ளலாம். இரண்டாம் அடுக்கில் ஒருத்தி அப்படிப் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். பிள்ளை இப்போது கண்ணாடிப் பக்கம் திரும்புவதில்லையாம்.

சட்டம் போட்டவர்களைத் திட்டலாம் என்றால் அதற்கும் வாய் வராது. வெப்ப ஆண்டுகள் என்று சொல்கிறார்களே, அந்தக் காலத்தில் பத்துக்குப் பத்து அறையில் குடும்பம் குடும்பமாக எட்டு மணி நேரம் அடைந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் இரையும், பம்ப் இரையும், பிள்ளை வீரிட்டு அழும். ஒரே கோடையில் நூற்று நாற்பது கைக்குழந்தைகளை அடித்தும் உலுக்கியும் பெற்றவர்களே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் கொடியவர்கள் அல்ல, தூக்கம் கெட்டவர்கள். அதன் பிறகுதான் செவியமைதி வாரியம் வந்தது, தொட்டில் சட்டம் வந்தது, காதுக்குள் வைக்கும் செவிச்சல்லடை வந்தது. எந்தச் சத்தம் வந்தாலும் சல்லடை அதைப் பக்கத்திலிருக்கும் இனிய சுரத்துக்கு நகர்த்திவிடும். ஆனால் சல்லடை மட்டும் போதவில்லை. கைக்குத் தெரிந்ததைத்தான் காது நம்புகிறது என்று கண்டுபிடித்தார்கள். கையால் ஐஞ்சுரத்தைப் பழகப் பழக, காது தானே சலிக்கத் தொடங்கும். ஒவ்வொரு கைநிலையும் ஓர் அடுக்குச் சத்தத்தை எடுத்துக்கொள்ளும். ஐந்தும் முடிந்தால் சல்லடையைக் கழற்றி எறிந்துவிடலாம். பிறகு அது தேவையே இல்லை, வாழ்நாள் முழுக்க.

அன்றிலிருந்து இந்த நகரத்தில் ஒரு கைக்குழந்தை மேல்கூட அடி விழுந்ததில்லை. இது பொய்யில்லை.

பிரிசில்லாவுக்கு முதல் நிலையோடு மோட்டார் இரைச்சல் போனது. இரண்டாவதில் ஆண்களின் கோபம் போனது. அருமைநாயகம் தன் மனைவியைத் திட்டுவது ஏதோ பஜனை மாதிரி கேட்டது. மூன்றாவதும் நான்காவதும் மற்றதையெல்லாம் கொண்டுபோயின. மிச்சம் இருந்தது உச்சம் மட்டுந்தான். இவா அழுதால் அடியில் இனிமையாக ஆரம்பிக்கும், மேலே போகப்போக ஒரு நுனி மட்டும் கரடாக, ரம்பம் மாதிரி நீட்டிக்கொண்டு வரும். அந்த நுனிதான் அவளை எந்த வேலையிலிருந்தும் இழுத்துக்கொண்டு ஓடவைக்கும். அது அவளுக்குப் பிடிக்காது. ஆனால் அது போய்விடுமே என்று நினைத்தால் எழுந்து போய்த் தொட்டிலைத் தொட்டுப் பார்ப்பாள்.

அவளுக்குத் தன் காதின் மேல் ஒரு கர்வம் உண்டு. கடல்நீர் ஆலையின் பம்ப் பிரிவில் ஆறு வருசம் வேலை பார்த்தவள். எந்த பேரிங் எப்போது போகும் என்று மீட்டர் சொல்வதற்கு இரண்டு நாள் முன்னால் அவள் சொல்லிவிடுவாள். கல்யாணமாகாதவர்களுக்கும் பிள்ளையில்லாதவர்களுக்கும் சல்லடை கட்டாயமில்லை என்பதால் அந்தக் காது இவா பிறக்கும்வரை பிழைத்துக் கிடந்தது.

வெயிலடைப்பு முடிந்ததும் தங்கை ஷைனி வந்தாள். ஏழாம் அடுக்கில் பெண்கள் விடுதியில் இருப்பவள், துறைமுகத்தில் சரக்குப் பதிவு வேலை, கல்யாணமாகாததால் காதில் சல்லடை இல்லை. வந்ததும் வராததுமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

"அஞ்சாவது ஆரம்பிச்சாச்சாக்கா?"

"இன்னும் விரலே வைக்கல."

"நாள் இருக்குல்லா. நீ நாலாவதப் பதினாறு நாள்ல முடிச்சியே."

"முடிக்கிறதுக்கு என்ன ஏட்டி. முடிச்ச பிறகு இவ அழுதா எனக்கு எப்படிக் கேக்கும்னு நெனச்சுப் பாத்தியா?"

ஷைனி தொட்டிலின் தலைப்பக்கத்து விளக்கைக் காட்டினாள். "அதான் இருக்கே. பசின்னா நீலம், ஈரம்னா மஞ்சள், காய்ச்சல்னா சிவப்பு. உங்காதவிட அது கரெக்டா சொல்லும்னுல்லா சொல்லுதாங்க."

"போன வாரம் சொல்லலியே."

போன வாரம் நடந்தது இதுதான். பிரிசில்லா குளித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை செல்வின் மடியில் இருந்தது. அவள் கணவன் செல்வின் ஐந்து நிலைகளையும் முடித்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. திடீரென்று அந்த ரம்ப நுனி கேட்டு அவள் ஈரத்தலையோடு ஓடிவந்தால், மனிதன் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தபடி தலையாட்டிக்கொண்டிருக்கிறான். பிள்ளையின் காதுக்குப் பின்னால் மூன்று கட்டெறும்புகள் கடித்துக்கொண்டு தொங்கின. அவள் பிடுங்கிப் போட்டாள். "விளக்கு பச்சையாத்தானே இருந்துச்சு பிரிசி," என்றான் அவன், கொஞ்சமும் பதறாமல். அவன் முன்பெல்லாம் பிள்ளை தும்மினாலே டாக்டருக்குப் போன் போடுகிறவன். எறும்பு கடித்ததைவிட அந்தப் பதறாமைதான் அவளைப் பயமுறுத்தியது.

ஷைனி பிள்ளையின் காதுமடலை மடக்கிப் பின்பக்கம் பார்த்தாள். பிறகு, "அப்ப என்னக்கா செய்யப் போற?" என்றாள்.

"முடிக்கத்தான் செய்வேன். பிள்ளையக் கண்ணாடிக்குப் பின்னால விட்டுட்டு என்னால இருக்க முடியாது. ஆனா காதக் குடுக்க மாட்டேன்."

அவள் யோசித்து வைத்திருந்தது இதுதான். பட்டை அளப்பது கையை மட்டும். கம்பி எழுப்பும் சத்தத்தை யாரும் அளப்பதில்லை. வீட்டுக்கு வீடு கிட்டார் வேறு, இரைச்சல் வேறு என்பதால் அதை ஆரம்பத்திலேயே விட்டுவிட்டார்கள். அப்படியானால் சத்தமே இல்லாமல் பழகினால்? கை கற்றுக்கொள்ளும், பட்டை நூறு என்று போடும். காதுக்குத்தான் கற்றுக்கொள்ள ஒன்றுமே இருக்காதே.

மறுநாள் ஒரு பழைய துண்டை நாலாக மடித்துக் கம்பிகளுக்கு அடியில் திணித்தாள். நவிலின் குரலை அடக்கிவிட்டாள். திரையில் புள்ளிகள் மட்டும் ஏறி இறங்கின. ஆறாம் கம்பியில் பதினைந்து, பதினேழு. ஐந்தாம் கம்பியிலும் அதே. நான்கிலும் மூன்றிலும் பதினான்கு, பதினேழு. பிறகு மீண்டும் பதினைந்து, பதினேழு. கழுத்தின் மேல்பகுதியில் ஃப்ரெட்டுகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். விரல்கள் ஒன்றையொன்று இடித்தன. டொக், டொக் என்று துணியில் தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. பக்கத்து வீடுகளில் பத்து கிட்டார்கள் கொஞ்சிக்கொண்டிருந்தன. அதைக் கேட்கக்கூடாது என்று காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பழகினாள். செல்வின் வேலையிலிருந்து வருவதற்குள் துண்டை உருவி ஒளித்துவிடுவாள். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் கோபப்பட மாட்டான், காட்டிக்கொடுக்கவும் மாட்டான். எதற்கு இவ்வளவு சிரமம் என்று அன்பாகக் கேட்பான். அந்த அன்பைத் தாங்க அவளுக்குத் தெம்பில்லை.

நான்காம் நாள் பதினெட்டு விழுக்காடு. ஒன்பதாம் நாள் நாற்பத்தைந்து. பன்னிரண்டாம் நாள் விரல்கள் கண்ணை எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டன. அன்று துணி வைத்த கம்பியைத் தொட்டபோது தலைக்குள் ஒரு சுரம் கேட்டது, மிகச் சுத்தமாக, யாரோ மிக அருகில் நின்று மீட்டியது போல. நான்காம் நிலையின் ஞாபகம் என்று அதைத் தள்ளிவிட்டு வாசித்தாள். மறுநாளும் கேட்டது. பிறகு கேட்கிறதா இல்லையா என்று கவனிக்கவே மறந்துபோனாள்.

பத்தொன்பதாம் நாள் திரை நூறு என்று காட்டியது. பிறந்தநாளுக்கு நான்கு நாள் மிச்சம்.

மறுநாள் காலை வாரியத்திலிருந்து சாந்தகுமாரி என்று ஓர் அலுவலர் வந்தார். இரண்டு பிள்ளைகளைப் பெற்றவர், கனிவான பேச்சு. பட்டையைப் படித்துப் பார்த்துவிட்டு, ஒரு சிறு கொக்கியால் இரண்டு காதுகளிலிருந்தும் சல்லடையை எடுத்தார். இவா அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதான்மா. இனிமே உங்க பிள்ளைய யாரும் கேக்க மாட்டாங்க. நிம்மதியா இருங்க," என்றார். போகும்போது தொட்டிலை எட்டிப் பார்த்துச் சிரித்தார். உண்மையான சிரிப்பு. பிரிசில்லாவுக்கு அந்தப் பெண்ணை வெறுக்க ஆசையாக இருந்தது. முடியவில்லை.

கதவைச் சாத்தியதும் அடுக்களைக்கு ஓடினாள். எவர்சில்வர் தட்டை எடுத்து ஒரு ஸ்பூனின் விளிம்பால் அழுத்திக் கீறினாள். பல் கூசியது. முழங்கை வரை மயிர்க்கால் எழுந்தது. இன்னொரு தடவை கீறினாள். மறுபடியும் கூசியது. அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். ஏமாற்றிவிட்டேன், அத்தனை பேரையும் ஏமாற்றிவிட்டேன், என் பிள்ளையும் என்னிடம், காதும் என்னிடம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். வாழ்க்கையில் அதைவிடச் சந்தோசமாக அவள் இருந்ததில்லை. அந்தக் கூச்சம் காது வழியாக வந்ததா, கீறிய கையின் வழியாக ஏறியதா என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

அன்றும் மறுநாளும் வீடு கலகலப்பாக இருந்தது. இவா நல்ல பிள்ளையாகிவிட்டாள். அழுகையே இல்லை. எழுந்ததும் பாடுவாள், பால் வருவதற்குள் பாடுவாள், குளிப்பாட்டினால் பாடுவாள். விளக்கு நீலமானால் பிரிசில்லா பால் கொடுத்தாள். மஞ்சளானால் துணி மாற்றினாள். ஷைனியோடு போனில் பேசும்போது, "பிள்ள வளந்துட்டாட்டி, இப்பம்லாம் அழுவதே இல்ல. பல்லு முளைக்கிற வேதனயும் தீந்துட்டு போல," என்றாள். ஷைனிக்கும் சந்தோசம்.

பிறந்தநாளுக்கு முந்தின நாள், காலை பத்து மணி. ஷைனி பிள்ளைக்கு வாங்கிய கவுனை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஏழாம் அடுக்கிலிருந்து இறங்கினாள். லிஃப்ட் மூன்றாம் அடுக்கை நெருங்கும்போதே அவளுக்குக் கேட்டது. கதவு திறந்ததும் ஓடினாள். நடைபாதையில் அருமைநாயகம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்து, "உங்க அக்கா வீட்டுல இன்னைக்குக் காலையிலருந்தே கச்சேரி," என்றார் மலர்ச்சியாக.

உள்ளே பிரிசில்லா பாயில் உட்கார்ந்து கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தாள். துண்டு இல்லை இப்போது. எதிரே பாயில் இவா மல்லாந்து கிடந்தாள். முகம் கருஞ்சிவப்பாகி வீங்கியிருந்தது. வாய் முழுக்கத் திறந்து, நாக்கு நடுங்கி, கைகள் இரண்டும் விறைத்து நின்றன. தொண்டை கம்மிப் போயிருந்தது. நெடுநேரம் கத்திய தொண்டை. தொட்டில் விளக்கு பச்சை. பிரிசில்லாவின் விரல்கள் பதினேழாம் ஃப்ரெட் பக்கம் ஏறி இறங்கிப் பிள்ளையின் குரலுக்குத் துணை போய்க்கொண்டிருந்தன.

"அக்கா, எவ்ளோ நேரமா இப்டி கத்துதா?"

"கத்துதாளா? பாடுதாட்டி. ஆறு மணிக்கு ஆரம்பிச்சா, நிறுத்தவே மாட்டேங்கா. கூடவே வாசிச்சா அவளுக்கு அப்படி ஒரு குஷி."

ஷைனி பையை எறிந்துவிட்டுப் பிள்ளையை அள்ளினாள். சட்டையை உருவினாள், இடுப்புத் துணியை அவிழ்த்தாள், முதுகைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கடைசியாக, குளிரூட்டிக்காகப் போட்டிருந்த காலுறையைக் கழற்றினாள். இடது காலின் நடுவிரல் கறுநீலமாகி நாவற்பழம் மாதிரி வீங்கியிருந்தது. அதன் அடியில் என்னவோ இறுக்கி வெட்டியிருந்தது. உற்றுப் பார்த்தாள். ஒரு தலைமுடி. நீளமானது, பிரிசில்லாவினுடையது. பிள்ளை பெற்றவர்களுக்குக் கொட்டுமே, அந்த முடி. காலுறைக்குள் சிக்கி விரலை நாலைந்து சுற்றுச் சுற்றிச் சதைக்குள் போய்விட்டிருந்தது.

"இது எதுவும் உனக்குக் கேக்கலியாக்கா?" ஷைனியின் குரல் உடைந்தது. அந்த உடைந்த குரலும் பிரிசில்லாவுக்கு ஒரு பாட்டின் நடுவடி போலத்தான் கேட்டது. தங்கையின் முகத்தையும் பிள்ளையின் காலையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. புரிந்த பிறகு கிட்டார் அவள் மடியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது. விழுந்த சத்தமும் இனிமையாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவர்களை உடனே உள்ளே விட்டார்கள். டாக்டர் இளைஞர், பூதக்கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு பிள்ளையின் காலை விளக்குக்கு அடியில் பிடித்தார். மரத்துப்போக ஊசி போட்டாலும் அது பிடிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை, முடி எலும்பு வரைக்கும் போயிருக்கலாம் என்றார். "எவ்வளவு நேரமா அழுதா?" என்று கேட்டார்.

"அவ அழல டாக்டர்," என்று வாய்வரை வந்துவிட்டது பிரிசில்லாவுக்கு. விழுங்கிக்கொண்டு, "நாலு மணி நேரம்," என்றாள்.

"விரல் நிக்குமான்னு சாயங்காலம்தான் சொல்ல முடியும்," என்று சொல்லிவிட்டு அவர் சிறு கத்தியை எடுத்தார். ஷைனி பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பெற்றவளை வெளியே நடைபாதையில் நிற்கச் சொன்னார்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்கலாம்.

செல்வின் துறைமுகத்திலிருந்து வந்து சேர்ந்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். துண்டு, பஞ்சு, பத்தொன்பது நாள், தட்டு, ஸ்பூன். எங்கே தப்பு நடந்தது என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. அவன் பொறுமையாகக் கேட்டான். அவள் தோளில் கை வைத்தான்.

"சத்தமில்லாமலா பழகின? அதுதான் பிரிசி ரொம்ப நல்லாப் பதியும். கோயில் கொயர்ல வாசிக்கிறப்ப பஸ்ல போகும்போது நாங்க அப்படித்தான் பழகுவோம், தொடையில விரல வச்சு. கம்பியில வாசிச்சா அங்கங்க பிசிறும். மனசுக்குள்ள வாசிச்சா ஒரு பிசிறும் இருக்காது. என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். இந்த ஒரு விசயத்தை ஒரே வீட்டில் படுத்து எழுந்த மனிதனிடம் கேட்காமல் போனோமே என்று அவளுக்கு நெஞ்சு வெடித்தது. கேட்டிருந்தால் வேறு ஏதாவது வழி பார்த்திருப்பாள். ஒரு வேளை எதுவும் இருந்திருக்காது.

உள்ளே கத்தி பட்டது. நடைபாதை பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த ஐந்தாறு பேரும் ஒன்றாக நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் கலவரம் இல்லை. ஒரு தகப்பன் தன் மடியிலிருந்த குழந்தையிடம், "கேளு கேளு, அந்தப் பாப்பா எவ்வளவு அழகாப் பாடுதுன்னு," என்றான். பக்கத்திலிருந்தவள் கண்ணை மூடி ரசித்தாள். செல்வின் லேசாகப் புன்னகைத்தான். பிறகு இது புன்னகைக்கும் இடமில்லை என்று நினைவு வந்தவனாக அதை அடக்கிக்கொண்டான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷைனி பிள்ளையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு காதைத் தன் தோளில் புதைத்து, வாய் கோணி அழுதுகொண்டிருந்தாள். அந்தத் தளத்திலேயே அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

பிரிசில்லா கண்ணாடியில் நெற்றியை முட்டினாள். இவாவின் திறந்த வாயை இமைக்காமல் பார்த்தாள். இது அலறல், என் பிள்ளை வலியில் அலறுகிறது, நான் இப்போது பதற வேண்டும் என்று தனக்குத்தானே சொன்னாள். சொல்லச் சொல்ல அந்தக் குரல் உயர்ந்து, நடுங்கி, மெல்ல இறங்கித் தன் இடத்தில் வந்து அமர்ந்தது. அவ்வளவு சுத்தமாக அவள் எதையும் கேட்டதில்லை. அழுகை வருமா என்று கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். வரவில்லை. கண்ணாடியில் ஊன்றியிருந்த இடது கையின் விரல்கள் ஒவ்வொன்றாக எழுந்து அமர்ந்தன. கீழே அவள் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.